கப்பல் தூசும் பழைய கடற்படைக்காரரும்: நெஞ்சுநோய் வைத்தியர் பதில்கள்

அப்பாவுக்கு 84 வயது. அறுபதுகளில் ரோயல் சிலோன் நேவியில் எஞ்சின் அறையில் வேலை. சிகரெட்டைத் தொட்டதேயில்லை. இப்போது கிணற்றடிக்குப் போய்வரவே இளைக்கிறது. தொய்வு என்று பம்ப் தந்தார்கள், சுகமில்லை. கப்பல் வேலையோடு தொடர்பிருக்குமா? (வட்டுக்கோட்டை)

இருக்கலாம், கட்டாயம் பார்க்கவேண்டும். அன்றைய கஜபாகு, மகாசேன இரண்டும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல்கள். நீராவிக் குழாய்களில் சூடு போகாமல் அஸ்பெஸ்ரஸ் (கல்நார்) சுற்றுவதுதான் அப்போதைய வழக்கம். திருத்த வேலைக்காக அந்த உறையைப் பிய்த்தால், காற்றோட்டமில்லாத அறையில் தூசு அப்படியே நிற்கும். மூச்சோடு ஆழமாகப் போன நார் பல வருசம் நுரையீரலிலேயே தங்கிவிடும். இருபது முப்பது வருசம் கழித்துத்தான் நோய் தெரியவரும். புற்றுநோயாக வந்தால் ஐம்பது வருசமும் ஆகலாம்.

என்ன வேலை செய்தவர் என்று கேட்டால் "பென்சன்காரர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இது எனக்குப் பெரிய மனவருத்தம். கப்பலின் பெயர், பிரிவு, எந்த வருசம் முதல் எந்த வருசம் வரை என்று ஒரு தாளில் எழுதி, யாழ் போதனா வைத்தியசாலையில் நெஞ்சுநோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அப்பா மூச்சை இழுக்கும்போது முதுகின் கீழ்ப்பக்கம் மெல்லிய கரகரப்புக் கேட்கிறதா, விரல் நுனிகள் தடித்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் தெளிவில்லாவிட்டால் சீ.ரி. ஸ்கான் தேவை. நுரையீரலில் விழுந்த தழும்பை மாற்ற மருந்தில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சி, தடுப்பூசி, தேவைப்பட்டால் ஒட்சிசன் என்று அவரின் நாட்களை இலகுவாக்க நிறைய வழியுண்டு.

சித்தப்பா எழுபதுகளில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். இப்போது எங்களோடு இருக்கிறார். மீசோதீலியோமா (அஸ்பெஸ்ரஸால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள். இங்கிருந்தே உதவி கேட்கலாமா? (சாவகச்சேரி)

கேட்கலாம். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இந்த நோய் வேகமானது. 2005 ஏப்ரல் 6 க்கு முந்திய சேவையால் வந்த நோய்க்குப் பிரிட்டனின் போர் ஓய்வூதியத் திட்டம் உண்டு, வெளிநாட்டில் இருந்தும் விண்ணப்பிக்கலாம். முன்பு தவணை தவணையாகத்தான் பணம் வரும். அதை அனுபவிக்கப் பலர் உயிரோடு இருக்கவில்லை. முன்னாள் படையினருக்காகக் குரல் கொடுத்தவர்கள் விடாமல் கேட்டதால், 2016 முதல் மீசோதீலியோமாக்காரர் அதற்குப் பதிலாக 140,000 பவுணை ஒரேயடியாக எடுக்க முடிகிறது. எது நல்லது என்று சித்தியையும் இருத்திப் பேசுங்கள். இந்த நோயால் அவர் இறந்தால் சித்தி விதவை ஓய்வூதியம் கேட்கலாம். படிவம் நிரப்ப, முன்னாள் படையினருக்கான தொண்டு நிறுவனமான ரோயல் பிரிட்டிஷ் லீஜன் காசு வாங்காமல் உதவும். "எடுத்துத் தாறன், பங்கு தா" என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிகிச்சைக்குத் தெல்லிப்பளையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

அப்பாவின் கப்பல் வேலை உடுப்பை அம்மாதான் தோய்ப்பார். அவருக்கும் ஆபத்தா? (கரவெட்டி)

ஓம், உடுப்பில் ஒட்டிவந்த தூசால் நோய் வந்த மனைவிமார் பல நாடுகளில் உண்டு. இளைப்போ நெஞ்சு நோவோ இருந்தால் காட்டுங்கள். ஒன்றுமில்லையென்றால் பயந்து சாகவேண்டாம்.

சண்டையில் உடைந்த வீட்டு அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற்றுகளை கிரைண்டரால் வெட்டலாமா? (மயிலிட்டி)

வேண்டவே வேண்டாம். இலங்கையில் நீல அஸ்பெஸ்ரஸுக்கு 1987 இலேயே தடை. கூரைச் சீற்றில் சேர்க்கும் வெள்ளை அஸ்பெஸ்ரஸையும் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். 2017 இல், அதை எங்களுக்கு விற்கும் ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியதும் அது தள்ளிப்போனது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. முழுச் சீற்றைத் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் இறக்குங்கள். துணி மாஸ்க்கும் என்95 உம் போதாது, மிக நுண்ணிய தூசையும் தடுக்கும் பி100 அல்லது எஃப்.எஃப்.பி.3 தர மாஸ்க் போடுங்கள். துண்டுகளை ஒழுங்கைக் குழி நிரப்பக் கொடுக்காமல், தடித்த பொலித்தீனில் கட்டி, எங்கே போடுவது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள்.