திருத்தித் திருத்தி எழுதினால் கதையின் உயிர் போய்விடுமா?

கேள்வி: ஒரே கதையைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறேன். எவ்வளவு வெட்டலாம், எப்போது நிறுத்தலாம்? அதிகம் கைவைத்தால் உயிர் போய்விடாதா?

போகாது. உயிர் போகும் அளவுக்கு நம்மில் யாரும் வெட்டுவதில்லை. கதையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எந்த வாக்கியத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆசையாக எழுதிய ஒரு பத்தியைக் காப்பாற்றக் கதையையே காவு கொடுத்துவிடுகிறோம்.

நான் மும்பையில் ஆபீஸ் வேலைக்கு நடுவே எழுதுகிறவன். தாராவியிலிருந்து காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி கிளம்புவார்களே நம் ஆட்கள், அவர்களில் ஒருவரை வைத்து ஒரு கதை. முதல் இரண்டு பக்கமும் அவர் ஊர், வற்றிய குளம், ரயிலேறிய நாள். நன்றாகவே வந்திருந்தது, அதனாலேயே எடுக்க மனசு வரவில்லை. கடைசியில் எடுத்தேன். இப்போது கதை, சயானில் ஒரு மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் பை இறங்குவதில் தொடங்குகிறது. பையில் சில்லறை குறைகிறது.

வாக்கிய அளவில் பார்த்தால், முதலில் இப்படி இருந்தது: ‘ஏதோ ஒருவிதமான சோர்வுடன் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.’ இப்போது: ‘சைக்கிளைத் தள்ளினார்.’ சோர்வு எங்கே? வெயில் ஏறியும் பாத்திரத்தில் பாதி இட்லி மிச்சம் என்று முந்தின வரியிலேயே இருக்கிறதே. ‘ஏதோ’, ‘ஒருவித’, ‘மிகவும்’, வரிசையாக வரும் ‘கொண்டிருந்தார்’ எல்லாம் என் கையில் தானாக வந்து விழுபவை. அவற்றைத் தேடிப் பிடித்து எடுப்பதற்கென்றே ஒரு தடவை படிப்பேன்.

அப்புறம், தாணேயிலிருந்து ஸ்லோ லோக்கல் ரயிலில் வரும்போது போனை வாசிக்கச் சொல்லி இயர்போனில் கேட்பேன். அந்த இயந்திரக் குரலுக்கு என் வாக்கியத்தின்மேல் எந்தப் பாசமும் கிடையாது. நாம் வாய்விட்டுப் படித்தால் ஏற்ற இறக்கம் கொடுத்து ஒப்பேற்றிவிடுவோம். அது அப்படியே ஒப்பிக்கும். எங்கே சலிப்புத் தட்டுகிறதோ அங்கே கத்தரி.

கவிஞர் டி.எஸ். எலியட்டும் லண்டனில் வங்கி வேலையில் இருந்த காலத்தில்தான் ‘தி வேஸ்ட் லேண்ட்’ என்ற நெடுங்கவிதையை எழுதினார். 1922இல் அச்சானபோது ஏப்ரல் மாதத்தைப் பற்றிய வரியோடு தொடங்கியது. கையெழுத்துப் படி 1971இல் புத்தகமாக வந்த பிறகுதான், அதற்கு முன்னால் நண்பர்கள் இரவில் ஊர் சுற்றுவதைச் சொல்லும் ஒரு முழுப் பக்கம் இருந்தது வாசகர்களுக்குத் தெரிந்தது. நான்காம் பகுதியில் நீண்ட கடற்பயணம் ஒன்று இருந்தது. அவருடைய நண்பரான கவிஞர் எஸ்ரா பவுண்டின் பென்சில் பட்ட பிறகு மிஞ்சியது பத்தே வரி. அவருக்கு பவுண்ட் வாய்த்தார். நமக்கு வாய்ப்பவர்கள் ‘சூப்பர்’ என்று சொல்லும் நண்பர்கள். பவுண்ட் வேலையையும் நாமேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெட்டியதைத் தனிக் கோப்பில் போட்டுவைத்தால் கை கூசாது. திரும்ப எடுக்கப்போவதில்லை என்றாலும், இருக்கிறது என்ற தைரியத்தில் தாராளமாக வெட்டலாம்.

எப்போது நிறுத்துவது என்றால், போன வாரம் எடுத்த சொல்லை இந்த வாரம் மறுபடி போட ஆரம்பித்தால் இதழுக்கு அனுப்பிவிடுவேன். பல இதழ்களிலிருந்து பதிலே வராது. சில மாதம் பார்த்துவிட்டு வேறொன்றுக்கு அனுப்புவேன். அனுப்பும் முன் இன்னொரு தடவை படிப்பேன். பெரும்பாலும் கடைசிப் பத்தி போகும்.