கோணல் வெட்டுதான் சாட்சி

கேள்வி: நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க பேஸ்பால் அட்டைகளை எப்படி அச்சடித்தார்கள், எப்படி வெட்டினார்கள் என்று இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நல்ல நிலையில் இருக்கும் அட்டைகளைத்தானே ஆராய்வார்கள்?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: நல்ல அட்டை வாயே திறக்காது தம்பி. நான் ஆஃப்செட் அச்சகத்தில் கட்டிங் மெஷினோடு காலம் தள்ளியவன். வேலை நடந்த விதம் தெரிய வேண்டுமா, வேஸ்ட் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சேகரிப்பவர்கள் ‘டி206’ என்று சொல்லும், பேஸ்பால் வீரர் படம் போட்ட அட்டை வரிசை 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டது. மொத்தம் 524 வகை. லித்தோ என்கிற தட்டை அச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் ஒரு தடவை மெஷினில் ஓடும். ஆனால் வெட்டாத முழுத் தாள் ஒன்றுகூட இதுவரை வெளியே வரவில்லை.

அதனால் தப்பிப் பிறந்த அட்டைகளைத்தான் தேடுகிறார்கள். வீரரின் பெயர் அட்டையின் அடியில் இருக்கும். கத்தி விலகியிருந்தால், மேலே இருந்த அட்டையின் பெயர் இதன் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். மேலும் கீழும் ஒரே பெயரா? அப்படியானால் தாளில் நெடுக்காக அதே படத்தை அடுக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பின்பக்கக் கீறல். பீட்மான்ட் சிகரெட் விளம்பரம் உள்ள சில அட்டைகளின் பின்னால் மெல்லிய கோடு ஓடும். அச்சுத் தகட்டில் விழுந்த கீறல் அது. ஓர் அட்டையின் ஓரத்தில் அறுந்த கோடு வேறோர் அட்டையில் தொடர்ந்தால், இரண்டும் தாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள். எங்கெங்கோ இருப்பவர்களின் ஸ்கேன்களை இப்படிப் பொருத்திப் பொருத்தியே தாளின் பகுதிகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பொறுமைக்கு ஒரு கும்பிடு!

நல்ல அட்டையின் லட்சணத்தையும் கேளுங்கள். இதே வரிசையில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்றை, ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். தரச் சான்று பத்துக்கு எட்டு. அதன் பக்க ஓரங்களைச் சீவியது தான்தான் என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

நீங்கள் வாங்கப் போவதாக இருந்தால், ஓரம் சீவிய அட்டையா என்று பார்க்க ஸ்கேலை மட்டும் நம்பாதீர்கள். அச்சகத்தில் வெட்டும்போதே அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். லென்ஸ் வைத்து நாலு ஓரத்தையும் பாருங்கள். மூன்று ஓரம் பழுப்பேறி, ஒன்று மட்டும் வெளேரென்று இருந்தால், பர்ஸைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.