அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு... (கடிதம்)

அண்ணா, நான் பாலக்கோடு, ஓசூர்ல ஒரு கம்பெனில நைட் ஷிப்ட். நீங்க எழுதினத பாத்துட்டு அந்த ஜெர்மன் எலக்ட்ரானிக் மியூசிக்காரர் க்ளவுஸ் ஷுல்ட்ஸ தேடினேன், ஆல்பம் லிஸ்ட் பாத்தே தலை சுத்திடுச்சு. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு நிமிஷம் கேட்டேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எங்க ஆரம்பிக்கறது? பத்து டிராக் லிஸ்ட் குடுத்தா போதும். மெஷின் மியூசிக்ல உணர்ச்சி இருக்குமா? ஹெட்ஃபோன் எது வாங்கலாம்?

தம்பி,

ஹெட்ஃபோன் இருக்கறதே போதும், அந்தக் காசுல நல்லா சாப்பிடு. மெஷின்னு சொல்றியே, அந்தாளோட முதல் தனி ஆல்பம் இர்லிக்ட் 1972ல வந்துச்சு, அதுல கரண்ட்லயே சத்தம் உண்டாக்கற சிந்தசைசரே கெடையாது, ஒரு பழைய ஆர்கனும், ஆர்கெஸ்ட்ரா வாசிச்சத டேப்ல புடிச்சு தலைகீழா ஓட விட்டதும்தான். அந்தக் கேள்விய இத்தோட விட்டுடலாம்.

ஆனா அஞ்சு நிமிஷம் கேட்டேன்னு எழுதியிருக்க பாரு, அதுக்குத்தான் ஒக்காந்து பதில் எழுதறேன், கொஞ்ச நாளா எனக்கும் மண்டைல இதேதான் ஓடிட்டு இருக்கு. என்னடா அவசரம் உனக்கு? புளி வாங்கறவன் நாக்குல வச்சுப் பாத்துட்டு அடுத்த கடைக்குப் போற மாதிரியா பாட்டு கேக்கறது?

எங்க பெரியப்பா கூத்துல ஆர்மோனியக்காரரு. பென்னாகரம் பக்கம் பாரதம் நடந்தா என்னையும் கூட்டிட்டுப் போவாரு. வேஷம் உடனே வந்து நிக்காது, திரைக்குப் பின்னாடி சலங்கை மட்டும் கேக்கும், பாட்டு கேக்கும், மூஞ்சி தெரியாது, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், பெரியப்பா ஒரே சுருதியப் புடிச்சுகிட்டு அதுக்குள்ளயே வெரல கொஞ்சங்கொஞ்சமா நகத்திட்டு இருப்பாரு. துரியோதனன் எப்ப வருவான்னு நான் நச்சரிச்சா "பொத்திகிட்டு கேளுடா"ம்பாரு.

ரொம்ப வருஷம் கழிச்சு அவருக்கு ஷுல்ட்ஸோட டைம்விண்ட் ஆல்பத்தப் போட்டுக் காமிச்சேன். கண்ண மூடிட்டு கேட்டாரு. கேட்டு முடிச்சுட்டு, "ஏன்டா, வேஷக்காரன் இன்னும் அரிதாரம் பூசி முடிக்கலயா?"ன்னாரு. நான் சிரிச்சேன், அவரு சிரிக்கல. வேஷம் ரெடியாகற வரைக்கும் சனத்த எந்திரிக்க விடாம இழுத்துட்டுப் போறது ஆர்மோனியக்காரன் பொழப்பு, அத வேற ஒருத்தன் பண்றது அவருக்கு ஒடனே தெரிஞ்சுபோச்சு. "நல்லாத்தான் இழுக்கறான், மாத்தறது தெரியாம மாத்தறான்"னு வேற சொன்னாரு. இதுக்கு மேல ஒரு விமர்சனம் நான் எங்கயும் படிக்கல.

அந்த மாத்தறதுதான் விஷயமே. சீக்வென்சர்னு ஒரு பொட்டி, நாலஞ்சு நோட்ட திரும்பத் திரும்ப வாசிச்சுட்டே இருக்கும், மேல சத்தத்த வடிகட்டற ஃபில்டர் குமிழ கையால மெல்லத் திருப்பறப்ப மங்கலா இருந்த சத்தம் தெறக்கும், அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் நடக்காத மாதிரிதான் இருக்கும், கால் மணி நேரம் கழிச்சுத்தான் எவ்ளோ தூரம் வந்துட்டோம்னே தெரியும். டைம்விண்ட் 1975, மொத்தம் ரெண்டே துண்டு, எல்பி ரெக்கார்டுல பக்கத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் சுமாரா அரை மணி. ஒரு பக்கத்துல அதுக்கு மேல ஏத்தினா கோடு நெருங்கி சத்தம் கம்மியாயிடும், இல்லன்னா மனுஷன் இன்னும் இழுத்திருப்பாரு, சிடி வந்தப்புறம் இழுக்கவும் செஞ்சாரு. 2000ல 50 சிடிய ஒரே பொட்டியா போட்டாங்க, அந்தப் பக்கம் இப்ப போயிடாத.

பத்து டிராக் லிஸ்டெல்லாம் தரமாட்டேன். டைம்விண்ட் கேளு, புடிச்சா மூன்டான் (1976), அதுல ஹரால்ட் க்ரோஸ்கோஃப் டிரம்ஸ் இருக்கு, புடிச்சுக்க ஒரு கொம்பு கெடச்ச மாதிரி இருக்கும். அப்புறம் மிராஜ், எக்ஸ்னு ரெண்டு ஆல்பம்.

ஷிப்ட் முடிச்சு காலைல ஊருக்கு பஸ் ஏறுவ இல்ல, ஓசூர் தாண்டினதும் போடு, ராயக்கோட்டை வரதுக்குள்ள ஒரு பக்கம் முடிஞ்சிடும். நடுவுல ஃபோன நோண்டாத. தூக்கம் வந்தா தூங்கு கண்ணு, கூத்துலயும் பாதி சனம் தூங்கும். கண்டக்டர்கிட்ட மட்டும் பாலக்கோட்டுல எழுப்பி விடச் சொல்லிடு.