காருக்கும் துப்பாக்கிக்கும் பாதுகாப்பு சோதனை ஏன் நாட்டுக்கு நாடு மாறுது?

தம்பி, சிங்கப்பூர்ல காருக்கு சோதனை கட்டாயம், நம்ம மலேசியாவுல, இந்த சுங்கை சிப்புட்ல ஏன் இல்ல, துப்பாக்கிக்கும் அப்படி உண்டான்னு கேட்டிருக்கீங்க. இங்க லோரி, பஸ்ஸுக்குதான் புஸ்பாகோம் மாதிரி வண்டி சோதனை நிலையத்துல தவறாம சோதனை, சொந்தக் காருக்கு பெரும்பாலும் வேற ஆளு பேருக்கு மாத்துறப்பதான், அதனால டயர்ல கம்பி தெரியிற காரெல்லாம் தோட்டத்து ரோட்டுல பள்ளிப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓடுது, பாக்கவே பதறுது. சிங்கப்பூர்ல 3 வருஷம் தாண்டினா 2 வருஷத்துக்கு ஒருதடவ, 10 தாண்டினா வருஷா வருஷம்.

துப்பாக்கி விஷயம் வேற. பிரிட்டன், ஜெர்மனில விக்கிறதுக்கு முன்னாடியே, வழக்கமானத விட அழுத்தம் கூடின தோட்டா போட்டு சுட்டுப் பாத்து, குழாய் தாங்குச்சுன்னாதான் முத்திரை குத்துவாங்க. அமெரிக்கால அப்படி அரசாங்கக் கட்டாயம் இல்ல, கம்பெனிங்களே சோதிச்சுக்குவாங்க, மத்த பொருளோட பாதுகாப்ப பாக்குற ஆணையத்துக்கு துப்பாக்கி மேல அதிகாரமே கிடையாது.