நாயோ பூனையோ குண்டாகிவிட்டதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

கால்நடை மருத்துவர்கள் இதற்கு 'உடல்நிலை மதிப்பெண்' பார்ப்பார்கள். 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் உருண்டை. 5-க்குப் பக்கத்தில் இருந்தால் சரி. எடை மெஷின் மட்டும் போதாது. 10 கிலோ என்பது பீகிள் இன நாய்க்கு அளவானது, பக் இன நாய்க்கு அதிகம்.

விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு தட்டுப்படும், ஆனால் துருத்தாது. விலாப்பக்கம் அப்படி இருக்க வேண்டும். முஷ்டி மடக்கியதும் துருத்தும் கணுக்கள் போல இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதை போல மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது.

கூடக் காரணம்? கருத்தடைக்குப் பிறகு உடலின் உணவுத் தேவை குறையும், பசி என்னவோ கூடும். நாமும் பழைய அளவையே வைப்போம். அப்புறம் டீ நேரத்து பிஸ்கட் வேறு (எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று!). தின்பண்டம் ஒரு நாள் உணவுச் சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தட்டில் கண்ணளவாகக் கொட்டாமல் அளந்து வையுங்கள்.

'ரெண்டு நாள் பட்டினி போட்டால் இளைத்துவிடும்' என்பது தவறு: குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.