மருத்துவர் பதில்: மூன்று வாரமாக நிற்காத வாந்தி

முடி உதிர்வதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வாந்தியைப் பற்றி ஒரே ஒரு வரி. "சாப்பிட்டதும் வாந்தி வருகிறது, மூன்று வாரமாகிறது, எடை நன்றாகக் குறைவதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்ற அந்த வரியையும், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் வேறு பேனாவால் "இரண்டு நாளாகப் பாதம் மரத்தது போலிருக்கிறது, செருப்பு கழன்றாலும் தெரியவில்லை" என்று பிறகு சேர்த்திருக்கும் வரியையும் படித்தபின், மற்றவற்றுக்குப் பதில் சொல்லும் அவசரம் எனக்கு இல்லாமல் போனது. பதினொரு வாரங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 114 கிலோவிலிருந்து 92 கிலோவுக்கு இறங்கியிருக்கும் 38 வயது ஆசிரியையாகிய நீங்கள் இன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தப் பகுதி வெளியாவதற்கு நாளாகும் என்பதால் கடிதம் கிடைத்த அன்றே இதை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது, உங்களைப் போலவே முக்கியமானதை ஓரத்தில் எழுதும் மற்றவர்களுக்காகவும்தான்.

தயமின் என்னும் பி1 வைட்டமினை நம் உடல் அதிகம் சேமித்து வைப்பதில்லை; உள்ளே போவது நின்றுவிட்டால் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் காணும். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, எஞ்சியிருப்பது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய், அதாவது டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் அளவு. அதற்குள் போகும் கொஞ்சமும் வாந்தியில் வெளியேறினால் முதலில் பழுதாவது நரம்புகள். பாதம் மரத்துப்போவதும் எரிவதும் அதன் தொடக்கமாக இருக்கலாம். அடுத்ததாகப் பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும், அந்த நிலையை எட்டியபின் தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே பாதிக்கப்படும். தீட்டிய பச்சரிசியையே உண்டு வாழ்ந்த நாடுகளில் பெரிபெரி என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நோய் இதுதான். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், சம்பாப் புழுங்கல் சோறு உண்ணும் நம் குமரி மாவட்டத்தில் இதை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் இப்போது நீங்கள் உண்பது நாளுக்கு எத்தனை கரண்டிச் சோறு, அதில் எத்தனை கரண்டி உள்ளே தங்குகிறது?

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாந்தி, தளர்ச்சி என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் முதலில் ஏற்றப்படுவது ஒரு பாட்டில் குளுக்கோஸ். தயமின் வற்றிய உடலுக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், அதை எரிப்பதற்கு எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி, மூளை பாதிப்பு சில மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடக்கூடும். ஆகவே அறுவை செய்த மருத்துவமனைக்கோ, அவ்வளவு தூரம் இயலாதெனில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ செல்லும்போது, "ஸ்லீவ் அறுவை செய்து பதினொரு வாரம், மூன்று வாரமாக வாந்தி, கால் மரத்திருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி போட வேண்டுமா?" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். வந்தவுடன் இப்படிச் சொல்லும் நோயாளியை எந்த மருத்துவரும் தவறாக நினைக்கமாட்டார்.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அறுவை வேண்டாம் என்று வீட்டார் தடுத்தார்கள், நீங்கள் கேட்கவில்லை. இப்போது வாந்தி என்று சொன்னால் "அப்பவே சொன்னோமே" என்பார்கள், மருத்துவரோ தையல் விட்டுவிட்டது, மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டும் என்பார் என்ற பயம். இரைப்பையை மூடியிருக்கும் சிறு டைட்டானியம் பின்கள் வாந்தி எடுத்து எடுத்துக் கழன்றுவிடும் என்று யூடியூபில் பார்த்தீர்களாம்; பதினொரு வாரத்தில் அந்தக் காயம் ஆறிச் சேர்ந்திருக்கும், அது கழன்று விழும் பொருளன்று. கசிவு இருந்தால் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கடும் வயிற்று வலி என்று அது வேறு விதமாகத் தன்னைக் காட்டியிருக்கும். உங்களுக்கு இருக்கக்கூடியது குழாயின் நடுவளைவில் ஏற்படும் சுருக்கம். அதை எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, பெரும்பாலும் கத்தியே வைக்காமல் பலூனால் விரித்துவிடுகிறார்கள். சுருக்கமே இல்லாமல் உண்ணும் விதத்தாலேயே வாந்தி வருவதும் உண்டு. இரண்டில் எது என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி மூன்று வாரமாக விழுங்கிய ஒண்டான்செட்ரான் என்னும் வாந்தியடக்கும் மாத்திரை அதைச் சொல்லாது, நோயை மறைத்து நாள்களைக் கடத்தியதுதான் அது செய்த வேலை. மூட்டு வலிக்கென்று அதே கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கையும் இன்றோடு நிறுத்துங்கள். சுருங்கிய இரைப்பையில் அது புண் உண்டாக்கும்.

உண்ணும் விதம் என்றேன். பள்ளியில் மதிய மணி அடித்து அடுத்த வகுப்புக்குள் பத்து நிமிடத்தில் உணவை முடிப்பதாகவும், தொண்டையில் நிற்பது போலிருந்தால் தண்ணீர் குடித்து இறக்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இறக்கவே கூடாது. இதே அறுவை செய்துகொண்டு சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒருவர், நான் கேட்டுக்கொண்டபடி தம் மதிய டப்பாவை என் மேசை மேலேயே திறந்து உண்டார். மரச்சீனிக் கிழங்கு நான்கு துண்டு, சாளைக் குழம்பு. முதல் கிழங்குத் துண்டை மூன்று மெல்லில் விழுங்கினார். இரண்டாவதைத் தொடும் முன்பே வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறியது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே "இதோ, இப்படித்தான் டாக்டர்" என்றார். அந்த நுரை எச்சில்தான் குழாய் நிரம்பிவிட்டதற்கு அடையாளம். அதைக் கண்டதும் கையை எடுத்துவிட்டால் வாந்தி வராது. மீனை முதலில் முள் நீக்கி உதிர்த்து, கடலை அளவாக எடுத்து, வாயில் கூழாகும் வரை மென்று, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு உண்ண வேண்டும். கிழங்கு கடைசியில், இடமிருந்தால் ஒரு துண்டு. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சமைத்த மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் கிடைக்கிறது, முட்டை ஒன்றில் 6; கஞ்சித் தெளிவில் சொல்லும்படி எதுவும் இல்லை. தண்ணீரை உணவோடு சேர்க்காமல், உண்டு அரை மணி நேரம் கழித்து மிடறு மிடறாகக் குடிக்கலாம். தலைமையாசிரியரிடம் கேட்டு மதியத்துக்கு அடுத்த பாடவேளையை ஓய்வு வேளையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு உங்களுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஆனால் இவையெல்லாம் வாந்தியின் காரணம் தெரிந்து, தயமின் ஏறிய பிறகு. அதற்கு முன் வீட்டிலிருந்தபடியே மென்று பார்க்கிறேன் என்று தொடங்காதீர்கள்.

மற்றவை. முடி: உடல் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால் ஒரு பங்கு முடி ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து உதிரும், சில மாதங்களில் நின்று மீண்டும் முளைக்கும். இணையத்தில் வாங்கிய பயோட்டின் அதைத் தடுக்காது, தைராய்டு பரிசோதனை முடிவைப் பொய்யாகக் காட்டுவதற்கு மட்டும் உதவும். தொங்கும் தோலைப் பற்றி ஒன்றரை ஆண்டு கழித்து எழுதுங்கள். தங்கை கல்யாணத்தில் அரை டம்ளர் அடைப்பிரதமன் குடித்ததும் வியர்த்துப் படபடத்தது மாரடைப்பு அல்ல. சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒரேயடியாகப் பாய்ந்ததன் விளைவு, படுத்திருந்தால் அரை மணியில் அடங்கிவிடும், பாயசம் போன்ற இனிப்பைத் தொடாவிட்டால் பெரும்பாலும் வராது. பெரிதாக இருக்கிறது என்று நிறுத்திவிட்ட சத்து மாத்திரைகளை மட்டும் மன்னிக்க முடியாது. அவை ஆயுள் முழுவதற்கும் உரியவை. விழுங்க முடியவில்லை என்றால் மென்று தின்னும் வகை உண்டு.

இன்று மருத்துவமனைக்குப் புறப்படும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், நீங்கள் விழுங்கிய எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு கழன்றது தெரியாத காலோடு ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். கணவரோ வேறு யாரோ ஓட்டட்டும். "கஞ்சிவெள்ளமாவது குடி மக்ளே" என்று நாள்தோறும் உங்கள் பின்னால் டம்ளரோடு நிற்பதாக எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்களே, அந்த மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை வாந்தி எடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது, உங்களைவிடச் சரியான கணக்கு அவரிடம்தான் இருக்கும்.