வாசகர் கேள்விகள்: மெக்சிகோ நகரின் சோக்கலோ சதுக்கம்

கே: சோக்கலோ சதுக்கத்தின் படங்களில் நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. ஸ்பானியர் காலத்திலிருந்தே இப்படி வெறும் கல்தரைதானா? (காரைக்குடி வாசகர்)

ப: இல்லவே இல்லை. இன்றைய வெட்டவெளி சுமார் 220 மீட்டருக்கு 240 மீட்டர். 1521-ல், அதுவரை அங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் தலைநகர் தெனோச்டிட்லான் வீழ்ந்ததும், கோயில் வளாகத்துக்குத் தெற்கே கிடந்த வெளியையே ஸ்பானியர்கள் சதுக்கமாக்கினார்கள். சீக்கிரமே அதில் சந்தை முளைத்துவிட்டது. 1691-ல் பெருமழை, கூடவே பயிர்நோய். அடுத்த ஆண்டு மக்காச்சோளத்துக்குத் தட்டுப்பாடு. 1692 ஜூன் 8-ம் தேதி பசியோடு திரண்ட கூட்டம் வைஸ்ராய் மாளிகைக்கும் சதுக்கத்து மரக் கடைகளுக்கும் தீ வைத்தது. இனி மரக் கடைகளே வேண்டாமென்று கல்லில் எழுப்பிய அங்காடிதான் பரியான் (1695–1703). தென்மேற்குப் பகுதியை அடைத்துக்கொண்டு நின்றது. மணிலாவிலிருந்து அகாபுல்கோ துறைக்கு வந்த சீனப் பட்டும் பீங்கானும் இங்கே விலைபோயின. நம் சோழமண்டலக் கரைத் துணியும் மணிலா வழியாக அந்தக் கப்பல்களில் ஏறியதுண்டு. 1828 டிசம்பர் கலகத்தில் பரியான் சூறைபோனது; 1843-ல் மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னா அதை இடித்தே விட்டார். அப்புறம் பூங்கா வந்தது, டிராம் வந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முழுக்கத் தளம் போட்டது 1950-களில்தான்.

கே: அதிகாரப்பூர்வப் பெயர் வேறாமே? (நாகர்கோவில் வாசகர்)

ப: ஆமாம், ‘அரசியல் சாசனச் சதுக்கம்’. எந்தச் சாசனம் தெரியுமா? 1812-ல் ஸ்பெயினின் காதிஸ் நகரில் இயற்றியது! விடுதலைக்குப் பிறகும் மாற்றாமல் விட்டார்கள். பரியானை இடித்த சாந்தா அன்னா அங்கே விடுதலைத் தூண் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். பீடத்தோடு வேலை நின்றது. பீடத்துக்கான ஸ்பானியச் சொல்தான் ஊர் வாயில் நிலைத்த ‘சோக்கலோ’.

கே: புகழ்பெற்ற அஸ்டெக் சூரியக் கல் கிடைத்தது அங்கேதானா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: அங்கேதான். 1790-ல் வடிகாலும் தளமும் அமைக்கத் தோண்டினார்கள். ஆகஸ்ட் 13-ல் கோவாட்லிக்குவே தேவியின் சிலை, டிசம்பர் 17-ல் சூரியக் கல். குறுக்களவு சுமார் 3.6 மீட்டர், எடை 24 டன். கல்லைச் சதுக்கத்தின் வடபுறத்துப் பேராலயத்தின் மேற்குக் கோபுரச் சுவரில் பதித்தார்கள். 1885 வரை அங்கேயே இருந்தது. தேவியின் கதை வேறு. பல்கலைக்கழக முற்றத்தில் வைத்ததும் பழங்குடி மக்கள் விளக்கும் காணிக்கையுமாக வர ஆரம்பிக்க, அதிகாரிகள் மிரண்டுபோய்த் திரும்பவும் புதைத்துவிட்டார்கள்! 1803-ல் வந்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் கேட்டுக்கொண்டதால் அவர் பார்ப்பதற்காக மட்டும் தோண்டியெடுத்து, மறுபடி மூடினார்கள்.

கே: சாய்ந்த பேராலயத்தை நிமிர்த்தினார்களாமே, ஜாக்கி வைத்தா? (கோவை வாசகர்)

ப: தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை, உயர்ந்த பக்கத்தை இறக்கினார்கள். நகரமே பழைய ஏரிப்படுகையில் இருக்கிறது. அந்தக் களிமண்ணில் மண்ணைவிடத் தண்ணீரின் எடைதான் அதிகம். நிலத்தடி நீரை இறைக்க இறைக்க அது சுருங்குகிறது. கட்டடம் சீராக இறங்கினால் அவ்வளவு கெடுதல் இல்லை. 1573-ல் தொடங்கி 1813-ல் முடித்த இந்தப் பேராலயத்தின் அடியில் சில இடங்களில் அஸ்டெக் கட்டுமானங்கள் இருக்கின்றன. அங்கே களிமண் முன்பே அழுந்திக் கெட்டிப்பட்டது. மற்ற இடங்களில் இளகியது. அதனால் 1989 வாக்கில் பின்புறத்துக்கும் மேற்குக் கோபுரத்துக்கும் சுமார் 2.4 மீட்டர் ஏற்றத்தாழ்வு.

முதலில் தூண்களுக்கும் வளைவுகளுக்கும் இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கட்டடத்தின் கீழே 32 கிணறுகள் இறக்கினார்கள். கிணற்றடியிலிருந்து பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டு, களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். மேலுள்ள பாரத்தில் துளை தானாக மூடிக்கொள்ளும். அந்த அளவுக்கு மேல்தளம் தாழும். அவசரப்பட்டால் சுவர் விரியும். 1993-ல் தொடங்கி 1998 வரை இழுத்தது அதனால்தான். பைசா கோபுரத்துக்கும் பிற்பாடு இதே வழிதான். கடைசியாக இளகிய மண்ணில் கட்டுமானக் காரைக் குழம்பைச் செலுத்தினார்கள். இறைப்பு நிற்காததால் இறக்கமும் நிற்கவில்லை. வித்தியாசம் கூடும் வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. உள்ளே குவிமாடத்திலிருந்து தொங்கும் தூக்குக் குண்டும் தரையில் உள்ள குறிகளும் சாய்வின் வரலாற்றைக் காட்டும்.

கே: அங்கே போனால் எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்? (சென்னை வாசகர்)

ப: மெட்ரோவில் 2-ம் தடத்தில் சோக்கலோ நிலையத்தில் இறங்குங்கள். சதுக்கம் வெவ்வேறு காலங்களில் இருந்த விதத்தை மாதிரி வடிவங்களாக அங்கே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால் எது எங்கே இருந்தது என்று பிடிபடும். வடகிழக்கு மூலையில் அஸ்டெக் பெருங்கோயிலின் அகழாய்வு. 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்களின் கடப்பாரையில் தட்டுப்பட்ட கொயோல்ஷாவ்கி தேவியின் வட்டக் கல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.